ஆறு பூனைகள், ஒரு மாடி அறை

பூனை வளர்க்கிற வீடுகளில் எண்ணிக்கை ஒன்றோடு நிற்பது அபூர்வம். முதல் பூனை தானாக வந்து சேரும். இரண்டாவதும் மூன்றாவதும் அதன் வயிற்றிலிருந்து வரும். நான்காவதை மழை நாளில் யாராவது சட்டைக்குள் வைத்துத் தூக்கி வருவார்கள். ஐந்தாவதை, "ஒரு வாரம் ஊருக்குப் போறோம், பாத்துக்குங்க" என்று விட்டுப்போனவர்கள் திரும்ப வந்து கேட்டிருக்கவே மாட்டார்கள்.

திருச்சி உறையூரில் உள்ள அந்த வீட்டிலும் இப்படித்தான் ஆறு பூனைகள் சேர்ந்தன. தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற 63 வயது அம்மா, அவருடைய மகன், மருமகள், நாலு வயதுப் பேரன். இவர்களோடு கருப்பி, அவள் பெற்ற செவலை, புள்ளி என்ற அண்ணன் தங்கை, எட்டு வயது மணி, பக்கத்துத் தெருக்காரர்கள் விட்டுப்போன ஜில்லு. கடைசியாகக் கார்த்திகை அடைமழையில், மகனின் பைக் கவருக்கு அடியில் ஒண்டியிருந்த இரண்டு மாதக் குட்டி. பேரன் அதற்கு வைத்த பெயர் குட்டான்.

மருமகளுக்குப் பூனைகள் மேல் பெரிய பிரியமும் இல்லை, வெறுப்பும் இல்லை. கீழே முன்னறையில் தையல் மெஷின் போட்டு பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறவர் அவர். பட்டுத் துணியில் ரோமம் ஒட்டாதவரை அவருக்குச் சம்மதம்.

தை மாதக் கடைசியில் குட்டான் விளையாடுவதை நிறுத்தியது. நூல்கண்டை உருட்டிவிட்டால் பார்க்கும், எழுந்து வராது. சாப்பாட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். அம்மா அதன் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஈறு, சாயம் போன துணி மாதிரி வெளுத்திருந்தது. மறுநாள் காலையில் கூடையில் வைத்து கிளினிக்குக்குக் கொண்டுபோனார்.

டாக்டர் காய்ச்சல் பார்த்தார். வயிற்றை அழுத்திப் பார்த்தார். காலில் துளி ரத்தம் எடுத்து, விரல் நீள கிட் ஒன்றில் விட்டார். பத்து நிமிடத்தில் இரண்டு கோடுகள் தெரிந்தன.

"ஃபீலைன் லுகேமியா பாசிட்டிவ்மா" என்றார். "வீட்டுல வேற பூனை இருக்கா?"

"அஞ்சு இருக்கு சார்."

"அஞ்சையும் கொண்டு வாங்க."

வீட்டுக்குள் வந்த ஒரு சொல்

லுகேமியா என்ற சொல்லை அந்த வீடு ஏற்கெனவே கேட்டிருந்தது. உறவில் ஒரு பையனுக்கு வந்த ரத்தப் புற்றுநோய் அது. அன்றைக்கு மாலை மருமகள் பேரனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார், கீழே இறக்கவில்லை.

"அத்தை, இது ஒட்டுமா? புள்ள அதோட மூஞ்சில மூஞ்ச வெச்சிட்டுத் தூங்குறான்."

நியாயமான கேள்வி. மாமியாருக்கு அதற்குப் பதில் தெரியாது. கோபமும் வரவில்லை. மறுநாள் மருமகளையும் கூடவே கிளினிக்குக்கு அழைத்துப்போனார். "நீயே கேளு. நான் கேட்டு வந்து சொன்னா உனக்கு மனசு ஆறாது" என்றார்.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். இது பூனைகளைப் பிடிக்கும் ஒரு வைரஸ். மனிதர்களுக்கு வராது. நாய்க்கும் வராது. குழந்தை அதைத் தொட்டதாலோ, முகத்தோடு முகம் வைத்ததாலோ இந்த நோய் வராது. பெயரில் லுகேமியா இருந்தாலும், இந்த வைரஸ் செய்வது புற்றுநோய் மட்டுமல்ல. எலும்பு மஜ்ஜைக்குள் புகுந்து ரத்தம் ஊறுவதைக் கெடுக்கும். அதனால் சோகை வரும். நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும். அதனால் சாதாரணச் சளியும் வாய்ப்புண்ணும்கூடப் பெரிதாகும். சில பூனைகளுக்கு நிணநீர்க் கட்டிகளில் புற்றுநோய் வரும்.

பரவுவது முக்கியமாக எச்சிலில். ஒன்றை ஒன்று நக்கிச் சுத்தம் செய்வது, ஒரே தட்டில் சாப்பிடுவது, ஒரே கிண்ணத்தில் தண்ணீர் குடிப்பது, சண்டையில் கடிப்பது. தாய்ப்பூனையிடமிருந்து வயிற்றுக்குள்ளேயும், பால் வழியாகவும் குட்டிக்கு வரலாம். அன்பாகப் பழகுகிற பூனைகளுக்குள்தான் இது அதிகம் பரவுகிறது என்பதால், ஆங்கிலத்தில் இதற்கு 'நண்பர்களின் நோய்' என்ற அர்த்தத்தில் ஒரு பட்டப்பெயரே உண்டு.

மருமகள் கடைசியாக ஒரு கேள்வி கேட்டார். "குட்டான் யாரு கூட ரொம்ப ஒட்டிட்டு இருந்துச்சுன்னா அதுக்கும் இருக்குமா சார்?"

இருக்கலாம் என்றார் டாக்டர்.

குட்டானை முதல் நாளிலிருந்து நக்கி வளர்த்தது செவலை. கடுவன் பூனைதான், ஆனால் தாய் மாதிரி அதைக் காலுக்குள் வைத்துக்கொண்டு தூங்கும். அதே கூடையில் மறுபக்கம் புள்ளி தூங்குவாள்.

ஐந்து பூனைகளுக்கும் டெஸ்ட் எடுத்தார்கள். கருப்பி, மணி, ஜில்லு, புள்ளி நான்கும் நெகட்டிவ். செவலை பாசிட்டிவ்.

குட்டானிடமிருந்து செவலைக்கு வந்ததா, ராத்திரியில் மதில் மேல் சண்டைக்குப் போய்வந்த செவலையிடமிருந்து குட்டானுக்கு வந்ததா? அதைச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அந்த வீட்டில் அதைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

கிளாஸ்கோவில் ஒரு வீடு

இந்த வைரஸை உலகம் அறிந்துகொண்டதும் நிறைய பூனைகள் இருந்த ஒரு வீட்டால்தான்.

1960-களில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், ஒரே வீட்டில் வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு அடுத்தடுத்து நிணநீர்ப் புற்றுநோய் வந்தது. புற்றுநோய் ஒட்டுவாரொட்டி இல்லை என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். கோழிகளுக்கு வைரஸால் புற்றுநோய் வரும் என்று பெய்டன் ரௌஸ் 1911-லேயே காட்டியிருந்தார். ஆனால் அதற்கான நோபல் பரிசு அவருக்கு 1966-ல்தான் கிடைத்தது. அவ்வளவு காலம் அந்தக் கருத்து ஓரமாகக் கிடந்தது.

கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவ விஞ்ஞானி வில்லியம் ஜாரெட், இத்தனை பூனைகளுக்கு ஒரே கூரையின் கீழ் வந்தது தற்செயலாக இருக்க முடியாது என்று நினைத்தார். அவரும் அவரது குழுவினரும் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்து, 1964-ல் அந்த வைரஸைக் கண்டறிந்து வெளியிட்டார்கள். 1970-களில் ரத்தத்தில் அதைக் கண்டுபிடிக்கும் சோதனை வந்தது. 1985-ல் அமெரிக்காவில் முதல் தடுப்பூசி விற்பனைக்கு வந்தது. இந்த வைரஸை ஆராய்ந்தவர்களில் ஒருவரான மேக்ஸ் எசெக்ஸ், பின்னாளில் மனிதர்களின் எய்ட்ஸ் ஆராய்ச்சியிலும் முன்வரிசையில் நின்றார். இரண்டும் ரெட்ரோவைரஸ் என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை.

சோதனை வந்த பிறகுதான் வளர்ப்பவர்களால் ஒன்றைச் செய்ய முடிந்தது: தொற்றுள்ள பூனையையும் இல்லாத பூனையையும் பிரித்து வைப்பது. பல நாடுகளில் இந்த நோய் குறைந்ததற்கு இந்தப் பழக்கமும் தடுப்பூசியும்தான் பெரிய காரணங்கள்.

உறையூர் வீட்டுக்கும் டாக்டர் சொன்னது அதையேதான். "பிரிச்சு வைங்கம்மா. ஒரு மாசம் கழிச்சு எல்லாத்துக்கும் மறுபடி டெஸ்ட் எடுப்போம்."

ஏன் மறுபடி? வைரஸ் உடம்புக்குள் போனவுடன் சோதனையில் தெரியாது. நேற்றுத் தொற்றியிருந்தால் இன்றைக்கு நெகட்டிவ் என்றே காட்டும். அதேபோல முதல் தடவை பாசிட்டிவ் வந்த எல்லாப் பூனைக்கும் அதுவே முடிவும் அல்ல. சில பூனைகளின் உடம்பு வைரஸை முழுக்க விரட்டிவிடும். சில பூனைகளில் வைரஸ் செல்லுக்குள் ஒடுங்கித் தூங்கும். ரத்தத்தில் சுற்றாது, மற்றவற்றுக்குப் பரவுவதும் அரிது. மூன்றாவது வகையில் வைரஸ் ரத்தத்தில் நிரந்தரமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். எச்சிலில் பரவுவதும், நோயில் கொண்டுபோய் விடுவதும் பெரும்பாலும் அந்த வகைதான். செவலை எந்த வகை என்பது மறுசோதனையில்தான் தெரியும்.

மாடிக்குப் போன இரண்டு பேர்

அந்த வீட்டில் மாடியில் ஓர் அறை இருந்தது. பழைய பீரோ, கொலுப்படிப் பலகைகள், மகன் படித்த புத்தகங்கள். ஒரே நாளில் அதைக் காலி செய்தார்கள். ஜன்னலுக்குக் கொசுவலை அடித்தார்கள். செவலையும் குட்டானும் மாடிக்குப் போயின. தனித் தட்டு, தனிக் கிண்ணம், தனி மணல் தட்டு.

அக்கம்பக்கத்தில் ஆளுக்கொன்று சொன்னார்கள். "காவேரிக்கரைல கொண்டு விட்டுருங்கக்கா" என்றார் ஒருவர். அப்படி விட்டால் அது தெருப்பூனைகளுக்கெல்லாம் நோயைக் கொண்டுபோகும். தெருவில் பிடிக்கிற ஒவ்வொரு கிருமியும் அதைக் கொல்லும். "ஊசி போட்டுடச் சொல்லுங்க" என்றார் இன்னொருவர். டெஸ்ட் பாசிட்டிவ் என்பதற்காக மட்டும் நன்றாக இருக்கிற பூனையின் உயிரை எடுக்க வேண்டியதில்லை என்று டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

மகன் வேறொரு யோசனை சொன்னான். "பூனையே இல்லாத வீடா பாத்து செவலையைக் குடுத்துடலாமேம்மா. அங்க அது மட்டும்தான் இருக்கும். யாருக்கும் தொல்லை இல்ல."

தப்பான யோசனை இல்லை. ஐந்தாறு பேரிடம் கேட்டும் பார்த்தார்கள். நோயுள்ள பூனை என்று சொன்னவுடன் போன் பேச்சு வேறு பக்கம் திரும்பியது. சொல்லாமல் கொடுக்க அம்மாவுக்கு மனம் வரவில்லை.

நோயைவிட அந்த வீட்டை வதைத்தது புள்ளிதான். மூன்று வருடம் அண்ணனோடு ஒரே கூடையில் தூங்கியவள், மாடிப்படியின் மேல்படியில் உட்கார்ந்து, மூடிய கதவைப் பார்த்து ராத்திரி முழுக்கக் கத்தினாள். உள்ளிருந்து செவலையும் பதில் கொடுத்தது. கதவுக்கு அடியில் இரண்டும் பாதத்தை விட்டுத் துழாவின. நான்காம் நாள் ராத்திரி அம்மா எழுந்து மாடிக்குப் போனார். கதவின் தாழ்ப்பாளில் கை வைத்தார்.

பின்னாலேயே மருமகள் வந்து நின்றார்.

"தொறக்காதீங்க அத்தை."

"நாலு நாளா கத்துறா பாரு. வயசுக்கு வந்த பூனைக்குச் சீக்கிரம் தொத்தாதுன்னு டாக்டரே சொன்னாரு."

"சீக்கிரம் தொத்தாதுன்னுதான் சொன்னாரு. தொத்தவே தொத்தாதுன்னு சொல்லல."

அதுதான் உண்மை. குட்டிகளுக்கு இந்த வைரஸ் எளிதில் பிடிக்கும். வளர்ந்த பூனைகளுக்கு எதிர்ப்பு அதிகம். ஆனால் நாள் கணக்கில், மாதக் கணக்கில் ஒரே தட்டில் சாப்பிட்டு, ஒன்றை ஒன்று நக்கிக்கொண்டு வாழ்ந்தால் வளர்ந்த பூனைக்கும் வரலாம். தடுப்பூசி போட்டாலும் ஆபத்து குறையும், முழுவதும் போகாது.

அம்மா தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தார். இரண்டு பேரும் படியிலேயே உட்கார்ந்தார்கள். புள்ளி இருவருக்கும் நடுவில் வந்து படுத்தாள்.

மறுநாள் மருமகள் ஆசாரியைக் கூப்பிட்டார். கதவின் கீழ்ப்பலகையை எடுத்துவிட்டுக் கண்ணாடி போடச் சொன்னார். வலை போதாதா என்று ஆசாரி கேட்டார். வலை என்றால் மூக்கோடு மூக்கு வைத்து நக்கிக்கொள்ளும், அதனால் கண்ணாடிதான் என்றார். கதவுக்கு அடியில் இருந்த இடைவெளியை ரீப்பர் அடித்து மூடினார்கள். அன்று மாலையிலிருந்து இரண்டும் கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் முதுகைச் சாய்த்துக்கொண்டு படுத்தன. கத்துவது மெல்ல மெல்ல நின்றது.

அந்த வாரக் கடைசியில் மருமகள் தன் தையல் மெஷினையும் மாடிக்குத் தூக்கிப்போகச் சொன்னார். மகன் காரணம் கேட்டதற்கு, "மேல வெளிச்சம் நல்லா இருக்கு" என்றார். பூனைகள் கூட்டத்தில் வளர்ந்தவை. தனியறையில் ஆள் இல்லாமல் கிடந்தால் சாப்பாட்டை விட்டுவிடும் என்று டாக்டர் சொன்னதை அவர் காதில் வாங்கியிருந்தார்.

சமையலறையில் மாறியவை

இந்த வைரஸை உடம்பிலிருந்து எடுக்கும் மருந்து இன்றுவரை இல்லை. செய்யக்கூடியது, வேறு எந்த நோயும் அண்டாமல் பார்த்துக்கொள்வது. அதற்காக அந்த வீட்டின் அன்றாடப் பழக்கங்கள் பல மாறின.

முதலில் தரை துடைக்கும் ஃபினாயில் போனது. பூனையின் கல்லீரலால் பீனால் வகை ரசாயனங்களை உடைத்து வெளியேற்ற முடியாது. ஃபினாயில் துடைத்த தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கினாலே விஷம் உள்ளே போகும். இந்த வைரஸுக்கு அவ்வளவு கடுமையான மருந்தும் தேவையில்லை. உடம்புக்கு வெளியே அது நெடுநேரம் தாங்காது. சோப்புத் தண்ணீரே அதைக் கொன்றுவிடும். தட்டுகளைச் சோப்பு போட்டுக் கழுவி வெயிலில் கவிழ்த்தார்கள்.

அடுத்து மீன். கடைக்காரர் கொடுக்கும் மீன் தலையைப் பச்சையாகப் போடுவது நின்றது. எதிர்ப்புச் சக்தி குறைந்த பூனைக்குப் பச்சை மீனிலும் பச்சைக் கறியிலும் இருக்கும் கிருமிகளே எமன். உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்து, முள் எடுத்துப் போட்டார்கள். மீன்குழம்பு பிசைந்த சோறும் நின்றது. வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். ஏற்கெனவே ரத்தம் ஊறாத பூனைக்கு அது இரட்டை அடி.

மாத்திரை டப்பாவில் 'பாராசிட்டமால்' உள்ள பெட்டி மேல் அலமாரிக்குப் போனது. பூனைக்குக் காய்ச்சல் என்று பரிதாபப்பட்டு ஒரு மாத்திரை கொடுத்தால்கூட உயிர் போகலாம்.

தெள்ளுப்பூச்சிக்கு மருந்து, குடற்புழுவுக்கு மருந்து, ரேபிஸ் தடுப்பூசி எல்லாவற்றுக்கும் நாட்காட்டியில் வட்டம் போட்டார்கள். பூனைகளுக்கு வழக்கமாகப் போடும் மூன்று நோய்களுக்கான தடுப்பூசியில் லுகேமியா சேராது. அதற்குத் தனி ஊசி வேண்டும். பலருக்கு இது தெரிவதில்லை.

கை கழுவுவது ஒரு விரதம் மாதிரி ஆனது. மாடிக்குப் போகும்போதும் கழுவ வேண்டும், இறங்கும்போதும் கழுவ வேண்டும். "எறங்குறப்போ சரி, ஏறுறப்போ எதுக்கு அப்பாயி?" என்று பேரன் கேட்டான். கீழே இருக்கும் பூனைகளின் ஒரு சாதாரணச் சளி மாடியில் இருப்பதைக் கொன்றுவிடும் என்பதை அப்பாயி அவனுக்குப் புரியும்படி சொன்னார். "அவனுக்கு உடம்புல பலம் இல்லடா. நாமதான் பாத்துப் போகணும்."

செவலை ஏற்கெனவே காயடித்த பூனைதான். ஆனாலும் மதிலேறும் பழக்கம் விடவில்லை. இனி வெளியே விடக் கூடாது. மற்ற பூனைகளுக்கு நோயைக் கொடுக்கக் கூடாது, வெளியிலிருந்து புதிதாக எதையும் கொண்டுவரவும் கூடாது. முதல் இரண்டு வாரம் ஜன்னலில் உட்கார்ந்து தெருவைப் பார்த்து உறுமியது. பிறகு பழைய கொலுப்படியை ஜன்னலோரம் போட்டார்கள். மேல்படி அதன் இடமானது.

குட்டான்

ஒரு மாதம் கழித்து மறுபடி டெஸ்ட் எடுத்தார்கள். கீழே இருந்த நான்கும் நெகட்டிவ். செவலை மறுபடியும் பாசிட்டிவ். குட்டானுக்கு மறுசோதனையே தேவைப்படவில்லை.

அதன் ரத்த அளவு வாரத்துக்கு வாரம் இறங்கிக்கொண்டிருந்தது. மருந்து கொடுத்தால் இரண்டு நாள் எழுந்து நடக்கும். மூன்றாம் நாள் படுத்துவிடும். பிறகு மூச்சு வாங்க ஆரம்பித்தது. தூங்கும்போது ஒரு நிமிடத்துக்கு முப்பதுக்குமேல் மூச்சு போனால் சொல்லுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மருமகள் போனில் நேரம் பார்த்து எண்ணினார். ஐம்பதுக்கு மேல் போனது.

டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். ரத்தம் ஏற்றலாம், சில நாள் கிடைக்கும். ஆனால் மஜ்ஜை புதிதாக ரத்தம் தரவில்லை. வலியும் மூச்சுத்திணறலும்தான் நீளும். "முடிவு உங்களோடதும்மா. நான் என் வீட்டுப் பூனைன்னா விட்டுடுவேன்."

அம்மா அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்கு வந்தார். உயிரைக் கொடுக்காத நாம் எடுக்கலாமா என்ற கேள்வி அவருக்கு. இரவு குட்டான் படுக்க முடியாமல், முன்னங்காலை ஊன்றி உட்கார்ந்துகொண்டே மூச்சுக்குத் தவித்தது. படுத்தால் மூச்சு அடைத்தது. விடியும்வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், காலையில் மகனிடம் வண்டியை எடுக்கச் சொன்னார்.

முதலில் மயக்க ஊசி. அது தூங்கிய பிறகு இரண்டாவது ஊசி. அம்மாவின் மடியிலேயே எல்லாம் முடிந்தது. தூங்கியபோது அதன் மூச்சு, பல நாளுக்குப் பிறகு அமைதியாக இருந்தது என்று அவர் பிறகு மருமகளிடம் சொன்னார். பெரியப்பா தோப்பில் தென்னைக்கு அடியில் புதைத்தார்கள். ஏறக்குறைய ஆறு மாத வாழ்வு. அதில் நான்கு மாதம் ஒரு வீடும், முகத்தோடு முகம் வைத்துத் தூங்க ஒரு பையனும், நக்கி வளர்க்க ஒரு செவலையும் அதற்கு இருந்தன.

பேரனிடம் என்ன சொல்வது என்று வீட்டில் பேச்சு வந்தது. "ஊருக்குப் போயிருக்கு" என்று சொல்லலாம் என்றான் மகன். மருமகள் மறுத்தார். குட்டானுக்கு ரத்தம் ஊறவில்லை, வலித்தது, செத்துப்போய்விட்டது என்று உள்ளபடியே சொன்னார். பையன் அழுதான். பிறகு, "செவலைக்கு ரத்தம் ஊறுதா?" என்று கேட்டான்.

"இப்ப ஊறுது. தெனம் பாத்துக்கிட்டே இருப்போம்" என்றார் மருமகள்.

ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு

இது நடந்து இரண்டு வருடங்கள் ஆகின்றன. ரத்தத்தில் வைரஸ் நிரந்தரமாகத் தங்கிவிட்ட பூனைகளில் பல, கண்டுபிடித்த இரண்டு மூன்று வருடங்களுக்குள் போய்விடுகின்றன. அதைத் தாண்டி நன்றாக வாழ்கிற பூனைகளும் உண்டு. வீட்டுக்குள்ளேயே இருப்பது, நல்ல சாப்பாடு, சின்ன மாற்றத்தையும் உடனே கவனிப்பது ஆகிய மூன்றும் நாட்களைக் கூட்டுகின்றன.

அந்தக் கவனிப்புக்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். தபால் நிலையத்தில் முப்பது வருடம் பார்சல் எடைபோட்டுப் பழகியவர் அம்மா. காய்கறிக் கடைக்காரர்கள் வைத்திருக்கும் டிஜிட்டல் தராசு ஒன்றை வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை காலையில் பிளாஸ்டிக் கூடையில் செவலையை உட்காரவைத்து எடை பார்ப்பார்கள். பூனை தன் நோயை மறைக்கும் பிராணி. வெளியே தெரிவதற்கு முன்பே எடை குறைய ஆரம்பித்துவிடும். ஈறின் நிறம், வாய் நாற்றம், சாப்பிட்ட அளவு, மணல் தட்டில் கழித்தது எல்லாம் ஒரு நோட்டில் ஏறும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை.

போன வருடம் ஆவணியில் ஒரே வாரத்தில் 200 கிராம் குறைந்தது. சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தது, ஆனால் ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்துச் சாப்பிட்டது. கிளினிக்கில் வாயைத் திறந்து பார்த்தால் ஈறு வீங்கிப் புண்ணாகியிருந்தது. இந்த நோயுள்ள பூனைகளுக்கு அடிக்கடி வருவதுதான். சீக்கிரம் பிடித்துவிட்டதால் மருந்திலேயே ஆறியது. இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் சாப்பாட்டையே நிறுத்தியிருக்கும் என்றார் டாக்டர்.

கீழே இருக்கும் நான்குக்கும் இதுவரை தொற்று இல்லை. மணிக்குப் பத்து வயது தாண்டிவிட்டது, பாதி நாள் தூக்கம்தான். புள்ளி இப்போதும் மதியம் மாடிப்படி ஏறிக் கண்ணாடியோரம் படுக்கிறாள். இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் செவலை, அதற்கப்பால் தையல் மெஷின் சத்தம்.

புதிதாக எந்தப் பூனையையும் அவர்கள் சேர்க்கவில்லை. ஆனால் தெருவில் யார் குட்டி எடுத்தாலும் முதலில் இந்த வீட்டுக்குத்தான் வருகிறார்கள். மருமகள்தான் வாசலில் நின்று பதில் சொல்கிறார். ஏற்கெனவே பூனை இருக்கிற வீடென்றால், புதுக்குட்டியை உடனே மற்றவற்றோடு விடாதீர்கள். தனியறையில், தனித் தட்டில் வையுங்கள். லுகேமியாவையும் பூனை எய்ட்ஸையும் சேர்த்துப் பார்க்கும் கிட் இருக்கிறது, டாக்டரிடம் கேட்டு டெஸ்ட் எடுங்கள். குறைந்தது ஒரு மாதம் கழித்து இன்னொரு தடவை எடுங்கள். இரண்டும் நெகட்டிவ் என்றால் சேர்த்து விடுங்கள். லுகேமியா தடுப்பூசி கிடைக்குமா என்று அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பாசிட்டிவ் வந்தால் பயந்து தெருவில் விடாதீர்கள், வந்து என்னிடம் சொல்லுங்கள்.

அவர் வைத்திருக்கும் நோட்டு, பிளவுஸ் அளவுகள் எழுதும் அதே நோட்டுதான். முன்பக்கத்திலிருந்து வாடிக்கையாளர்களின் அளவு, பின்பக்கத்திலிருந்து செவலையின் கணக்கு. போன ஞாயிற்றுக்கிழமை எழுதியது: எடை 4 கிலோ 100. ஈறு நல்ல நிறம். மீன் முழுசும் சாப்பிட்டது. காலையில் நூல்கண்டை உருட்டியது.